சீட்டு இருக்கா?

திருநாவலூரில் மெடிக்கல் கடை நடத்துகிற எனக்கு ஒரு நாளில் அதிகமாக வாயில் வருகிற கேள்வி இதுதான்: "சீட்டு இருக்கா?" கேட்பதில் சிரமம் ஒன்றுமில்லை. அதற்கு வருகிற பதிலை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்பதில்தான் இந்தத் தொழிலின் பாடு மொத்தமும் இருக்கிறது. "காய்ச்சல் எனக்குத்தானே, சீட்டு எதுக்கும்மா?" என்பார் ஓர் ஆயா. கரும்பு வெட்டிவிட்டு நேராக வந்தவர் மாத்திரை தீர்ந்துபோன அட்டையைக் காட்டி, "இதேதான், ரெண்டு நாளைக்கு மட்டும்" என்பார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், "அதுக்கு ஒரு நாள் கூலி போயிடும்மா. உனக்குக் குடுக்க மனசில்லன்னா சொல்லு, வேற கடையில வாங்கிக்கிறேன்" என்று படி இறங்குவார். வேறு கடை இருக்கவே இருக்கிறது. இங்கே இல்லாவிட்டால் உளுந்தூர்பேட்டையில்.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டத்தின்கீழ் 1945-இல் வந்த விதிகள், 'ஷெட்யூல் ஹெச்' பட்டியலில் உள்ள மருந்தைப் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்கின்றன. சீட்டில் மருத்துவரின் கையெழுத்து, தேதி, நோயாளியின் பெயர், முகவரி, மருந்தின் மொத்த அளவு, எத்தனை வேளை என்பதெல்லாம் இருக்க வேண்டும். மருத்துவர் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து. கொடுத்த பிறகு மருத்துவரின் கையெழுத்துக்கு மேலே கடையின் பெயரையும் முகவரியையும் தேதியையும் குறித்துத் திருப்பித் தர வேண்டும். அதற்கென்றே ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருக்கிறேன். அந்த முத்திரை விழுந்த சீட்டை வேறொரு கடையில் மறுத்தார்கள் என்று இதுவரை யாரும் வந்து சொன்னதில்லை.

மருந்தை எடுத்துக் கொடுப்பவர் பதிவுபெற்ற மருந்தாளுநராக இருக்க வேண்டும் என்பது 1948-இன் பார்மசி சட்டம். எங்கள் பக்கத்தில் டி.பார்ம். முடித்த பெண்களில் பலர் கடையில் நிற்பதில்லை. அவர்களுடைய சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்குகிறது. எனக்குக் கல்யாணமான புதிதில் ஒருவர் வீட்டுக்கே வந்து கேட்டார். சர்டிபிகேட்டை மட்டும் கொடுத்தால் போதும், மாசாமாசம் பணம் வந்துவிடும், நான் ஒரு நாளும் கடைப்பக்கம் வர வேண்டியதில்லை என்றார். வீட்டுப் பெரியவர்களுக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. பிள்ளை குட்டியைப் பார்த்துக்கொண்டே சம்பாதிக்கலாமே! எனக்குப் படித்த வேலையைச் செய்ய வேண்டும் என்ற ஆசை இருந்தது, மறுத்துவிட்டேன்.

மருந்து விற்பனை விதிகள் ஊருக்குள் வராமல் வழியிலேயே நின்றுவிடுவதற்கு முதல் காரணம் அந்த வாடகைச் சான்றிதழ்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கவுண்டரில் நிற்கிற பையனுக்கு எந்த மருந்து எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரியும். சளிக்கு எது, வலிக்கு எது என்று பழக்கத்தில் தெரியும். தன் அப்பா வயதுள்ள ஒருவரைப் பார்த்து "சீட்டு இல்லாமல் தர முடியாது" என்று சொல்லும் தைரியத்தை அவனுக்கு யார் கொடுப்பது? சம்பளம் கொடுக்கிற முதலாளி கொடுக்க மாட்டார்.

'செட்டு' என்று ஒரு வழக்கம் தமிழ்நாடு முழுக்க உண்டு. "காய்ச்சலுக்கு ஒரு செட்டு குடுங்க" என்றால் ஒரு பாராசிட்டமால், ஒரு வலி மாத்திரை, ஒரு அலர்ஜி மாத்திரை, ஒரு ஆன்டிபயாடிக், வயிற்றெரிச்சலுக்கு ஒன்று. மூட்டுவலிச் செட்டானால் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுப் பொடி மாத்திரை ஒன்றும் சேரும். கத்தரிக்கோலால் அட்டையை ஒவ்வொரு மாத்திரையாக நறுக்குவார்கள். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அச்சடித்த முனை கடைசியில் விற்க வேண்டும் என்பதற்காகக் கடையிலேயே தங்கிவிடும். வாங்கிப்போகிறவர் கைக்கு வருவது பாதிப் பெயர் மட்டும் தெரிகிற அலுமினியத் துண்டுகள். ஒவ்வாமையில் உடம்பெல்லாம் தடித்துப்போய் ஆஸ்பத்திரிக்கு ஓடினால், என்ன சாப்பிட்டாய் என்று மருத்துவர் கேட்கும்போது சொல்வதற்கு அவரிடம் ஒரு பெயர்கூட இருக்காது.

அந்தப் பொடி மாத்திரை செய்கிற வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நடவுக்குப் போகிற ஓர் அம்மா. முழங்கால் வலிக்கு எங்கேயோ செட்டு வாங்கிச் சாப்பிட்டுச் சாப்பிட்டு முகம் உப்பிப்போய் வந்தார். உடம்பு தேறிவிட்டது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கையைத் திருப்பிப் பார்த்தால் தோல் காகிதம்போல மெலிந்து, லேசாக இடித்த இடமெல்லாம் ஊதா நிறத்தில் கன்றியிருந்தது. சர்க்கரையும் ஏறியிருந்தது. ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து என்பதால், "இன்னைக்கே நிறுத்திடாதீங்க, நாளைக்கே டாக்டரைப் பாருங்க, இந்த மாத்திரையைக் கையோட எடுத்துட்டுப் போங்க" என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்து விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினேன்.

ஆன்டிபயாடிக் கதை இதைவிடப் பெரியது. 2010 ஆகஸ்டில் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை வந்தது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி அதன் முதல் ஆசிரியர். கடைசிக் கட்டத்தில் போடுகிற கார்பபெனெம் வகை மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 என்ற மரபணு, சென்னையிலும் ஹரியானாவிலும் எடுத்த மாதிரிகளில் பரவலாக இருப்பதாக அது சொன்னது. அந்தப் பெயரின் 'என்.டி.' நியூ டெல்லியைக் குறித்ததால் நாடெங்கும் கோபம் கிளம்பியது. கோபம் அடங்கியபின் உருப்படியாக ஒன்று நடந்தது. 2012 ஆகஸ்டில் மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி, தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர் ஒருங்கிணைக்க, 'சென்னைப் பிரகடனம்' என்ற ஒன்றை வெளியிட்டன. மருத்துவரே இல்லாத ஊர்கள் நிறைந்த நாட்டில் எல்லா ஆன்டிபயாடிக்குக்கும் ஒரே நாளில் சீட்டைக் கட்டாயமாக்கினால் நடக்காது, முதலில் மிக முக்கியமான மருந்துகளை இறுக்கிப் பிடிப்போம், பிறகு படிப்படியாகப் போவோம் என்பது அதன் சாரம். நகரத்துப் பெரிய மருத்துவர்கள் என் கவுண்டரின் நிலைமையைப் புரிந்துகொண்டு பேசியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் முறை.

அதன் தொடர்ச்சியாக 2013 ஆகஸ்ட் 30-இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது 'ஹெச் ஒன்' பட்டியல். 46 மருந்துகள். செஃபிக்சிம், மெரோபெனெம் போன்ற ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், அல்பிரசோலம், டயஸிபாம், டிரமடால் போன்ற பழக்கமாகிவிடக் கூடியவை. இவற்றை விற்றால் தனிப் பதிவேட்டில் மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு எல்லாம் எழுத வேண்டும். பதிவேட்டை மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும்.

பல கடைகளில் மருந்து ஆய்வாளர், அதாவது டி.ஐ., வருகிறார் என்ற செய்தி கிடைத்ததும் ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் ஒரு மாதத்துப் பதிவேடு எழுதி முடிக்கப்படும். நான் அன்றன்றைக்கு எழுதுகிறேன். அதன் பயன் எனக்கு ஒருநாள் தெரிந்தது. காசநோயாளிகளைப் பற்றி மருந்துக் கடைகளும் தகவல் தர வேண்டும் என்று 2018 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்த பிறகு, காசநோய்ப் பிரிவுப் பணியாளர் கடைக்கு வந்து பதிவேட்டைப் புரட்டத் தொடங்கினார். அதில் ஒரு பெயர். தனியார் டாக்டரிடம் பார்த்து ரிஃபாம்பிசின் வாங்கிக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவர், இரண்டு மாதத்தோடு வருவதை நிறுத்தியிருந்தார். இருமல் நின்றதும் நோய் போய்விட்டது என்று விட்டுவிட்டார். பதிவேட்டில் பெயரோடு நான் முகவரியையும் எழுதியிருந்தேன். பணியாளர் தேடிப்போய்ப் பேசி, அரசு மருந்தில் சேர்த்து, முழுக் காலமும் சாப்பிட வைத்தார். அந்த வீட்டில் சின்னக் குழந்தைகள் இரண்டு. அதற்குப் பிறகு பதிவேடு எழுதுவது எனக்குச் சலிப்பான வேலையாக இருந்ததே இல்லை.

ஹெச் ஒன் பட்டியலுக்கு வெளியே அமாக்சிசிலின், அசித்ரோமைசின் போன்றவை ஷெட்யூல் ஹெச்சில்தான் நின்றன. சீட்டு அவற்றுக்கும் கட்டாயம்தான், பதிவேடு கிடையாது. கொரோனா காலத்தில் அசித்ரோமைசின் கடலைமிட்டாய்போல விற்றது. அட்டையில் ஒரு சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டில்லாமல் சாப்பிடக் கூடாதது என்று 2016-இல் ஒரு பிரசாரம் தொடங்கினார்கள். அந்தக் கோட்டின் பொருள் தெரிந்து கேட்டவர் என் கடைக்கு வந்ததில்லை. நானே காட்டிச் சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும் ஆர்வமாகப் பார்ப்பார்கள்.

நான் முதன்முதலில் வேலை பார்த்தது கச்சிராயப்பாளையத்தில், கல்வராயன் மலைக்கு ஏறும் அடிவாரத்தில். மலையாளிப் பழங்குடி மக்கள் வெள்ளிமலைப் பக்கமிருந்து புளியும் கடுக்காயும் கொண்டுவந்து விற்றுவிட்டு, திரும்பும் வழியில் மருந்து வாங்குவார்கள். மறுபடி எப்போது இறங்குவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. காய்ச்சல் கண்ட பிள்ளை மலைமேல் இருக்கும், அப்பா கீழே கடைவாசலில் நிற்பார். சீட்டு கேட்டால் வெறுங்கையோடு ஏறிவிடுவார். ஆயிரம் பேருக்கு மேல் போகாத கிராமங்களில் பாராசிட்டமால், வலித்தைலம் போன்ற சில வீட்டு மருந்துகளை உரிமம் இல்லாமலே விற்கலாம் என்று 'ஷெட்யூல் கே' விலக்கு கொடுக்கிறது. மலையின் சிற்றூர்களை நினைத்தே எழுதியதுபோல இருக்கும் அந்த விதி. நடைமுறையில், பாராசிட்டமால் விற்கும் பெட்டிக்கடையில் அதற்குப் பக்கத்திலேயே ஆன்டிபயாடிக் அட்டையும் தொங்கும். எது விலக்கில் வரும், எது வராது என்று அந்தக் கடைக்காரருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

சீட்டு விதியால் தீமை வந்துவிடுகிற இடமும் ஒன்று உண்டு. பி.பி.க்குச் சாப்பிடும் அம்லோடிபின் போன்றவையும் ஷெட்யூல் ஹெச்தான். வயதானவர்கள் எப்போதோ எழுதிய சீட்டை லேமினேஷன் போட்டு மஞ்சள் பையில் வைத்திருப்பார்கள். அதன்மேல் முத்திரை குத்தவும் முடியாது. எழுத்தின்படி நடந்தால் நான் அவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். திருப்பி அனுப்பினால் அவர் மாத்திரையை நிறுத்திவிடுவார், பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' எங்கள் ஊருக்கும் வந்து, இந்த மாத்திரைகளை வீட்டிலேயே கொடுக்க ஆரம்பித்தபோது என் விற்பனை குறைந்தது. மனப்பூர்வமாகச் சொல்கிறேன், அது குறைந்ததில் எனக்கு நிம்மதி. அம்லோடிபினையும் செஃபிக்சிமையும் ஒரே கண்ணால் பார்க்கச் சொல்வது சரியில்லை. நாள்பட்ட நோய்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை செவிலியரே பி.பி. பார்த்துச் சீட்டைப் புதுப்பிக்கும் ஏற்பாடு ஒன்று வர வேண்டும்.

விட்டுக்கொடுக்கவே முடியாதவை சில. சாயங்காலத்தில் பைக்கில் இரண்டு பையன்கள் வருவார்கள். ஒருவன் வண்டியை அணைக்காமல் வைத்திருப்பான். இன்னொருவன் வலி மாத்திரையின் பெயரை மில்லிகிராமோடு சொல்வான். கூடவே ஊசிக் குழலும் கேட்டால் சந்தேகமே வேண்டாம். டிரமடால் 2018-இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தபின், கை டேபென்டடால் பக்கம் நீண்டது. மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொண்டு தமிழ்நாட்டின் பல ஊர்களில் பிள்ளைகள் செத்திருக்கிறார்கள். ஒரு மருந்தைக் கட்டினால் பக்கத்து மருந்து அவிழ்ந்துகொள்கிறது. பல மாவட்டங்களில் ஆட்சியர்கள் மருந்துக் கடைகளுக்குக் கேமராவைக் கட்டாயமாக்கினார்கள். என் கடையில் மாட்டிய பிறகு பைக் வருவது குறைந்தது. ஆனால் அதே மாத்திரை வெளிமாநிலத்திலிருந்து கூரியரில் வருகிறது. இணைய விற்பனைக்கு 2018 ஆகஸ்டில் வரைவு விதிகள் வெளியாயின. அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இணைய விற்பனைக்குத் தடை போட்டது, அடுத்த மாதமே மேல்முறையீட்டில் தடை நிறுத்திவைக்கப்பட்டது. என் கவுண்டருக்குக் கேமரா வந்துவிட்டது, கூரியர் மூட்டைக்கு ஒன்றும் வரவில்லை.

கருக்கலைப்பு மாத்திரை கேட்டு வருகிற பெண்கள், நான் பெண் என்பதால் என்னிடம் வாய் திறக்கிறார்கள். நான் அதை வாங்கி வைப்பதில்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலான கடைகளில் அது இருக்காது. இல்லை என்று சொல்லிவிட்டால் சட்டப்படி என் வேலை முடிந்தது, அவளுக்கு அங்கேதான் ஆபத்து ஆரம்பிக்கிறது. மாவட்டத்தில் அவளுக்காகக் காத்திருக்கிற போலி வைத்தியக்காரர்களுக்குக் குறைவில்லை. அரசு மருத்துவமனையில் செலவில்லாமல் செய்வார்கள், 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமில்லை, 2021 திருத்தத்துக்குப் பிறகு கல்யாணம் ஆகாதவளுக்கும் வழியுண்டு, பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்புகிறேன். சொல்லாமல் அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

எந்த விதி ஊரில் நின்றது, எது நிற்கவில்லை என்று யோசித்தால் எனக்கு எப்போதும் டிக்ளோஃபினாக் ஊசிதான் நினைவுக்கு வரும். அந்த மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்று பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்ததால் 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். ஆனாலும் மனிதருக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 2015-இல் மனிதருக்கான ஊசி மருந்து 3 மில்லிக்கு மேல் ஒரே குப்பியில் வரக் கூடாது என்று உத்தரவு வந்தது. கம்பெனிகள் வழக்குப் போட்டன, 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு செல்லும் என்றது. அதோடு கடையில் வாக்குவாதம் முடிந்தது. மாட்டுக்குப் பெரிய குப்பி கேட்டால், "அது இப்போ வர்றதில்லைங்க" என்ற ஒரு வரி போதும். நான் யாரோடும் சண்டை போடவில்லை, யாரும் வேறு கடைக்குப் போகவில்லை. தயாரிக்கிற இடத்தில் கதவை மூடினார்கள், கவுண்டரில் அமைதி வந்தது.

இதற்கு நேர்மாறானது 2025 அக்டோபரில் பார்த்தது. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தில் 48 சதவீதத்துக்கு மேல் டை எத்திலீன் கிளைகால் என்ற நச்சு இருந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த வகைச் சளி மருந்துக் கலவையை நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிட 2023 டிசம்பரிலேயே உத்தரவு இருந்தது. உத்தரவை வைத்துக்கொண்டும் தொழிற்சாலையில் யாரும் பார்க்காவிட்டால், நான் சீட்டு கேட்டுக் கொடுத்த மருந்தும் விஷமாகத்தான் இருக்கும். மெத்தனால் சாராயத்தில் 2024 ஜூனில் கருணாபுரம் பட்ட பாட்டைப் பார்த்த மாவட்டம் இது. இங்கே இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கேரளாவில் 2024 தொடக்கத்திலிருந்து 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில் சீட்டில்லாத ஆன்டிபயாடிக் விற்பனையைக் கடுமையாகப் பிடிக்கிறார்கள். அங்கே ஆரம்ப சுகாதார நிலையம் நடை தூரத்தில் இருப்பதால் அது முடிகிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது தாய்லாந்தில் 2007-இல் தொடங்கிய திட்டம். சளி, வயிற்றுப்போக்கு, சிறு காயம் ஆகிய மூன்றுக்கும் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று சொன்னதோடு நிற்காமல், வருகிறவர் வெறுங்கையோடு போகக் கூடாது என்று மூலிகை மருந்தையும் கொடுத்தார்கள். அதில் ஒன்று நம் நிலவேம்பு. படித்த நாளிலிருந்து நானும் அப்படித்தான். சளிக்கு வந்தால் பாராசிட்டமால், ஆவி பிடிக்கும் முறை. வயிற்றுப்போக்கானால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், எப்படிக் கரைப்பது என்று செய்தே காட்டுவேன். மூன்றாம் நாளும் காய்ச்சல் நிற்காவிட்டால் எங்கே போக வேண்டும் என்று பொட்டலத்தின்மேல் எழுதித் தருவேன். கையில் ஏதோ ஒன்று இருந்தால் முக்கால்வாசிப் பேர் வேறு கடைக்குப் போவதில்லை. ஆடிச் சுவாதிக்குச் சுந்தரர் குருபூஜைக் கூட்டம் வரும்போதுகூட இதை விடுவதில்லை.

வட்டார மருந்து வணிகர் கூட்டத்தில் அரசிடம் முதலில் எதைக் கேட்பது என்ற பேச்சு அடிக்கடி வரும். இணைய விற்பனையை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்பார்கள் சிலர். லாப விகிதத்தை உயர்த்தக் கேட்க வேண்டும் என்பார்கள் சிலர். வாடகைச் சான்றிதழைப் பற்றி எடுத்தால் பேச்சு மாறிவிடும். நான் கேட்பது சாயங்கால மருத்துவரை. கூலிக்காரர் வீடு திரும்பும் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு மருத்துவர் உட்கார்ந்து பார்த்தால், என் கடைக்கு வருகிற சீட்டில்லாத காய்ச்சலில் பெரும்பகுதியை அங்கே அனுப்பிவிடுவேன். அவர் எழுதித் தருகிற சீட்டின் கையெழுத்துக்கு மேலே முத்திரை குத்தி, மருந்தைக் கொடுப்பேன்.